பரசுராமன் வீட்டு ஏ.சி.யும் பன்னாட்டுத் தரமும்

மனித குலம் வெயிலை வென்ற வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால், கவரைப்பேட்டைக்கு அதில் ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஒதுக்காத வரலாற்றை நான் ஏற்க மாட்டேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு புது வீட்டின் மாடியறையில், ஏ.சி.யிலிருந்து வாயு கசிந்ததை எங்கள் தர மேலாளர் திரு. பரசுராமன் அவர்கள் 'முறைப்படி' எதிர்கொண்டார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பார்த்ததோடு நிற்காமல் பதிவும் செய்தவன்.

என் பெயர் அன்புராஜ். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஸ்ரீ கனகவல்லி ரப்பர் தொழிலகத்தில் 'ஆவணக் கட்டுப்பாட்டு அலுவலர்'. முன்பு இதே நாற்காலிக்கு கிளார்க் என்று பெயர். இயந்திரங்களில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களைச் செய்கிறோம். அதாவது, கசிவைத் தடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. இரண்டாயிரத்து நாலில் எங்களுக்கு ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தரச் சான்று கிடைத்தது. அதற்கு முன்பு ஒரு வளையம் பிய்ந்து வந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு செய்வோம். அவ்வளவு காட்டுமிராண்டிகளாக இருந்தோம். சான்று வந்தபின் பிய்ந்த வளையத்துக்குச் சிவப்புச் சீட்டு கட்டுகிறோம். அது ஏன் பிய்ந்தது என்று கூட்டம் போடுகிறோம். கூட்டத்துக்கு பிஸ்கட் வருகிறது. இந்த மறுமலர்ச்சிக்கு ஒரே காரணகர்த்தா பரசுராமன் சார்தான்.

சாருக்கு ஒரே மகள், பூமிகா. திருவள்ளூரில் கட்டிக்கொடுத்திருந்தார். சான்று வந்த அடுத்த வருஷம் அவளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு அழைத்து வரும்போது, சம்பந்தியம்மாள் முத்தம்மா வாசற்படியில் நின்று ஒரு கேள்வி கேட்டார்.

"கூட்டினு போங்க, நான் வாணாங்கல. ஆனா புள்ள பொறக்கறது கத்திரி வெயில்ல. எங்க ஊட்ல ஏ.சி. கீது. உங்க ஊட்ல இன்னா கீது?"

"உரிய காலத்துக்குள் பதில் அளிக்கப்படும்," என்றார் சார்.

"பதிலு வாணா. ஏ.சி. போடுங்க. என் மருமவ வேர்த்து வடிஞ்சுக்கினு கீறான்னு தெரிஞ்சுது, அன்னிக்கே வண்டி எடுத்துக்கினு வந்துருவேன்."

சாரின் மனைவி செண்பகம் அம்மாள் அன்றைக்கே ஏ.சி. வாங்கச் சொல்லி நச்சரிக்க ஆரம்பித்தார். மகள் பாதியில் திரும்பிப் போனால் சொந்தக்காரர்கள் வாய்க்கு அவல். அது கிடக்கட்டும். மகளைத் தன் கையால் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் கைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான் அந்த அம்மாளின் பயம். கல்யாணமாகிப் போனதிலிருந்து பூமிகா ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வந்து தங்கியதில்லை.

ஏ.சி. வாங்கப்பட்டது. பொருத்தியவர் ரஷீத் பாய். சொந்த ஊர் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி பஜாரில் ரிப்பேர் கடை. எந்த நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருக்கும் மருத்துவர். அந்த மருந்தின் பெயர் 'கேஸ்'. உள்ளே ஒரு பெட்டி, வெளியே பால்கனியில் ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கச் செம்புக் குழாய், குழாயின் முனைகளில் பித்தளை நட்டு. மதியத்துக்குள் முடித்துவிட்டார். அறை குளிர்ந்தது. பூமிகா ஒரு தலையணையை இடுப்புக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கினாள். செண்பகம் அம்மாள் கதவைத் திறந்து பார்ப்பதும், குளிர் வெளியே போய்விடுமே என்று மூடுவதுமாக இருந்தார்.

மூன்றாம் நாள் வெறும் காற்று வந்தது.

"கேஸ் பூட்ச்சு சார், போட்டுர்லாம்," என்று ரஷீத் பாய் வந்து போட்டார். குளிர்ந்தது. மறுபடி வெறும் காற்று. மறுபடி கேஸ். இதற்குள் சாரின் மூளையில் மணி அடித்துவிட்டது.

"பாய், போட்ட கேஸ் எங்க போவுது?"

"காத்துல போவுது சார்."

"எந்த வழியா?"

"அது நம்ம கிட்ட சொல்லினா போவும்?"

இன்னொருவராக இருந்தால் பாயைத் திட்டியிருப்பார். சார் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாரின் வீட்டு ஹாலில் கூட்டம். தலைவர்: பரசுராமன். செயலர்: நான். சிறப்பு அழைப்பாளர்: ரஷீத் பாய். முதலில் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகள் வாசிக்கப்பட வேண்டும் என்றார் தலைவர். சென்ற கூட்டம் என்று ஒன்று இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்தேன். அப்படியானால் இல்லாததை ஏற்றுக்கொண்டு மேலே போகலாம் என்று ஒருமனதாக முடிவானது.

ஜப்பான்காரன் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. எந்தக் குறையானாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் மூல காரணம் அகப்பட்டுவிடும். சார் ஆரம்பித்தார்.

"ஏன் குளிர் வரவில்லை?"

"கேஸ் இல்ல சார்."

"ஏன் இல்லை?"

"ஒழுவிட்ச்சு."

"ஏன் ஒழுகியது?"

"எங்கியோ நட்டு லூசா கீது."

"ஏன் லூசாக இருக்கிறது?"

"மாட்டும்போது சரியா டைட் வெக்கல போல."

"ஏன் வைக்கவில்லை?"

ரஷீத் பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு இன்னா வெயிலு சார்! அந்த ரூம்ல மனுசன் நிக்க முடியுமா? ஒரு ஏ.சி. கூட இல்ல."

சாரின் முகம் பிரகாசித்தது. கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னார், எழுதினேன். மூல காரணம்: ஏ.சி. பொருத்தப்பட்டபோது அறையில் ஏ.சி. இல்லாமை. தடுப்பு நடவடிக்கை: இனி ஏ.சி. பொருத்தும் அறைகளில் ஏ.சி. முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

டீ கொண்டுவந்த செண்பகம் அம்மாள் தட்டோடு நின்றுவிட்டார். "அப்போ அந்த நட்ட டைட் பண்ணா முடிஞ்சுது இல்ல?"

தலைவர் டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"செண்பகம், நீ சொல்றது தீர்வு. நாங்க இன்னும் காரணத்துல கீறோம்," என்றார் சார் கனிவாக.

அடுத்து ஒரு பெரிய அட்டையில் மீன் எலும்புப் படம் வரைந்தார். குறை என்பது மீனின் தலை. காரணங்கள் முட்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு தலைப்பு: ஆள், கருவி, பொருள், முறை, சூழல். 'ஆள்' என்ற முள்ளில் ரஷீத் பாயின் பெயரை எழுதினார். தன் பெயர் சுவரில் ஏறியதில் பாய்க்கு ஒரே சந்தோஷம். வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கேற்ற வந்த செண்பகம் அம்மாள் சாமி படங்களுக்கு எதிரே தொங்கிய எலும்பைப் பார்த்துக் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா நடு ஊட்ல மீன் முள்ளு மாட்டி வெச்சுக்கீறீங்களே!"

"இது ஜப்பான் மீனு. சைவம்."

இந்த ஆய்வுகளெல்லாம் நடக்கையில் பூமிகா மாடியறையில் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "நைனா, அந்தப் பழைய டேபிள் ஃபேனாவது குடு," என்றாள். மாற்றுச் சாதனம் பயன்படுத்தினால் குறையின் வீரியம் தெரியாமல் போய்விடும் என்று சார் விளக்கினார். அவர் போனதும் செண்பகம் அம்மாள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார்.

கசிவின் இடத்தைக் கண்டுபிடித்ததும் செண்பகம் அம்மாள்தான். அதில் திறமை ஒன்றும் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பால்கனியில் துணி ஊறவைத்த வாளியைத் தூக்கும்போது சோப்புத் தண்ணீர் குழாய் மேல் தெறித்தது. ஒரு நட்டின் கழுத்தில் மட்டும் நுரை குபுகுபுவென்று கொப்புளம் விட்டது. அம்மாள் போட்ட சத்தத்தில் நானும் சாரும் மாடிக்கு ஓடினோம்.

"தோ பாருங்க! இங்கதான் ஒழுவுது! பாயக் கூப்புடுங்க, ஸ்பானர எடுத்துக்கினு வரச் சொல்லுங்க!"

சார் குனிந்து கொப்புளங்களைப் பார்த்தார். கண்ணில் நீர் தளும்பியது. பையிலிருந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து, 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்திட்டு, நூலால் அந்த நட்டில் கட்டினார்.

எங்கள் முறையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்புச் சீட்டு கட்டிய பொருளை யாரும் தொடக்கூடாது. அதை என்ன செய்வது என்று அதிகாரம் உள்ளவர் முடிவு செய்யும்வரை அது அப்படியே இருக்க வேண்டும். இந்த வீட்டில் அதிகாரம் உள்ளவர் சார். ஆனால் தான் கட்டிய சீட்டைத் தானே அவிழ்ப்பது ஒழுங்கீனம். அதற்கு ஒரு 'சுதந்திரமான தணிக்கையாளர்' தேவை. சார் என்னை நியமித்தார். நான் அவரிடம் சம்பளம் வாங்குகிறவன். அவரைக் கேள்வி கேட்காமல் இருக்கும் சுதந்திரம் எனக்கு முழுமையாக உண்டு.

கொடுத்த பொறுப்பை நான் ஏனோதானோ என்று செய்யவில்லை. ரஷீத் பாயின் ஸ்பானரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அளவு சரிபார்த்ததற்கான ஒட்டுச்சீட்டு அதில் இல்லை. ஸ்பானரைச் சென்னைக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்கவேண்டும் என்று பரிந்துரைத்தேன். சார் என் தோளைத் தட்டினார். பாய்க்கும் ஒரு மரியாதை செய்யப்பட்டது. 'அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்ததாரர்' என்று புகைப்படம் ஒட்டிய அட்டையைச் சார் அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து பாயின் நடையே மாறிவிட்டது.

மறுநாள் சார் கம்பெனிக்குப் போனதும் செண்பகம் அம்மாள் பாய்க்குப் போன் போட்டு வரவழைத்தார்.

"பாய், அவுரு வர்றதுக்குள்ள ஒரு திருவு திருவிட்டுப் போயிடு. புண்ணியமாப் போவும்."

ரஷீத் பாய் சிவப்புச் சீட்டைப் பார்த்தார். கழுத்து அட்டையைத் தொட்டுக்கொண்டார்.

"அக்கா, முன்ன மாதிரி இல்ல இப்போ. முறைன்னு ஒன்னு கீது."

"நீயுமா பாய்?"

"பேஜாரு பண்ணாதக்கா. கேஸ் போடச் சொல்லு, போடறேன். கேஸுக்கு எனக்கு அனுமதி கீது. நட்டுக்கு இல்ல."

ஓட்டையை அடைக்க அனுமதி இல்லாதவர், ஓட்டை வழியாகப் போகவேண்டிய கேஸை நிரப்ப அனுமதி உள்ளவர். ஒரு நிர்வாகம் இதைவிடத் தெளிவாகப் பொறுப்புகளைப் பிரிக்க முடியாது.

கத்திரி பிறந்தது. கம்பெனிக்கு வரும் வழியில் தார் ரோடு செருப்பில் ஒட்டியது. பூமிகாவுக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை, பகலில் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிப் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் செண்பகம் அம்மாள் ஒரு மாபெரும் குற்றத்தைச் செய்தார். சிவப்புச் சீட்டை அவிழ்த்தார். கணவரின் ஸ்கூட்டர் பெட்டியைக் குடைந்து ஒரு கட்டிங் பிளேயரை எடுத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நட்டைப் பிடித்துப் பல்லைக் கடித்து ஒரு திருகு திருகினார். சோப்பு நுரையைத் தடவினார். கொப்புளம் வரவில்லை. இன்னொரு தடவை தடவினார். அப்போதும் வரவில்லை.

உடனே பாயைக் கூப்பிட்டுக் கேஸ் போடச் சொன்னார். அது அவருக்கு அனுமதிக்கப்பட்ட வேலை என்பதால் பாய் மகிழ்ச்சியோடு போட்டார்.

சாயங்காலம் நானும் சாரும் வந்தபோது மாடியறை ஜில்லென்று இருந்தது. பூமிகா ஒருக்களித்துப் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். செண்பகம் அம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சார் நடுங்கிப்போனார்.

"யார் செஞ்சது இது?"

"நான்தான். ஒழுவறது நின்னுட்ச்சு. சத்தம் போடாதீங்க, இப்பத்தான் கண்ணு அசந்தா."

"யார் அனுமதி குடுத்தா?"

"பெத்தவளுக்கு இன்னாங்க அனுமதி?"

சார் பால்கனிக்குப் போனார். நட்டு இறுக்கமாக இருந்தது. தரையில் சிவப்புச் சீட்டு நனைந்து கிடந்தது. "அன்பு, ஆதாரம் அழிஞ்சுட்ச்சேடா," என்றார். "ஏன் ஒழுவுச்சுன்னே தெரியாம நின்னு போச்சுன்னா, நாளைக்கு மறுபடி எப்படி நிறுத்துவ?"

அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பதிலுக்கான கட்டம் இன்றுவரை காலி.

அப்புறம் சார் செய்த காரியத்தை, அது நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். பிளேயரை எடுத்தார். நட்டைப் பிடித்தார். இடப்பக்கமாகத் திருகினார். 'உஸ்' என்று கேஸ் வெளியே பீறிட்டது. குறை முழுமையாகப் பழைய நிலைக்கு மீட்கப்பட்டது. புதுச் சீட்டு ஒன்றை எழுதிக் கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஸ்பானர் சென்னையிலிருந்து வரட்டும். அப்பால முறைப்படி இறுக்கிடலாம்."

உள்ளே பூமிகா புரண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, மறுபடியும் வேர்க்குதும்மா," என்று அழ ஆரம்பித்தாள்.

செண்பகம் அம்மாள் கணவரை அதுவரை 'நீங்க' என்றுதான் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

"ஏன்யா, மனுசனாய்யா நீ? ஒம்போது மாசமா காத்துக்கினு கீறேன்யா நானு, என் பொண்ணுக்கு என் கையால ஒரு வாய் ரசஞ்சோறு கரைச்சுக் குடுக்க! ஒரு நட்டுக்குச் சீட்டு கட்டி வெச்சுக்கினு, நின்ன ஒழுவல தொறந்து உட்றியே!"

"செண்பகம், உன் உணர்வு பதிவு செய்யப்படும்," என்று சார் என் பக்கம் திரும்பினார். நான் பேனாவைத் திறந்தேன்.

மறுநாள் காலை நாஷ்டா நேரத்துக்கே முத்தம்மாவின் வண்டி வாசலில் நின்றது. யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சார் சம்பந்தியம்மாளை மீன் எலும்பின் எதிரே நிறுத்தி, முள் முள்ளாக விளக்கினார். அந்த அம்மாள் முழுவதும் கேட்டார்.

"எல்லாம் சரி சம்பந்தி. ரூம்பு குளுருமா, குளுராதா?"

"நடவடிக்கை நிலுவையில் உள்ளது."

முத்தம்மா நேராக மாடிக்குப் போய் மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மூலையில் முகத்தை மூடிக்கொண்டு நின்ற செண்பகம் அம்மாளையும் பார்த்தார். "நீ ஏன் சம்பந்தி அழுவுற? உன்ன உட்டுட்டா போவப் போறேன்? பொட்டிய எடு. எந்த ஊடா இருந்தா இன்னா, தாயி கூட கீற எடம் தாய் ஊடுதான்," என்றார். செண்பகம் அம்மாள் கஷாய மருந்துப் பொட்டலங்களையும் பழைய வேட்டித் துணிகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு மகளோடு வண்டியேறினார். சார் வாசலில் நின்றார். "வாடிக்கையாளர் வெளியேற்றம்" என்று எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்று தலையை ஆட்டினார்.

திருவள்ளூரில் பேரன் பிறந்தான். தாயும் சேயும் நலம். ஆஸ்பத்திரியிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் பார்க்கப் போனார். துணைக்கு நான். வாசலில் சார் கால் கழுவிக்கொண்டிருந்தார். பழக்கூடையோடு உள்ளே போன என்னை முத்தம்மா சமையலறைப் பக்கம் இழுத்தார்.

"தம்பி, எங்க ஏ.சி.யும் பூட்ச்சு. போன வாரம். கேஸ் ஒழுவுதாம், ஆள் வரச் சொல்லிக்கீது. உங்க சாரு காதுல மட்டும் போட்றாத. பச்ச ஒடம்புக்காரி கீற ஊடு."

அந்த அம்மாள் ஓடிப்போய் பூமிகா படுத்திருந்த அறையின் ஜன்னல்களைப் பட்பட்டென்று சாத்தினார். சார் செருமிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அறை கொதித்தது. சுவரில் இருந்த ஏ.சி.யில் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. பேரனைக் குனிந்து பார்த்துச் சார் சிரித்தார். பிறகு வழக்கம்போல் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, ஏ.சி. நல்லா ஓடுதா?"

"எனக்கே நடுங்குது," என்று முத்தம்மா முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். செண்பகம் அம்மாள் ஒரு கம்பளியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

சார் மகளிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. குளுரு போதுமா?"

பூமிகாவின் மூக்கு நுனியிலிருந்து ஒரு வேர்வைத் துளி பிள்ளையின் துணியில் விழுந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஜில்லுன்னு கீது நைனா. போதும், போதும்."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி சார் என்னைப் பெருமையோடு பார்த்தார். "பாத்தியா அன்பு? ஒரு புகார் இல்ல."

"இல்ல சார்," என்றேன். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எங்கள் தொழிலகத்திலும் இந்த ஆண்டு ஒரு புகாரும் பதிவாகவில்லை. எண்ணெய் தரையில் ஓடுகிறது. ஆட்கள் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள். சார் வரும்போது அதன் மேல் ஒரு சாக்கை விரித்துப் போட்டு, "ஒன்னும் ஒழுவல சார்" என்கிறார்கள். வழுக்கி விழுந்து கையொடிந்த தொழிலாளி பச்சையப்பனும், வீட்டில் மாவாட்டும்போது விழுந்தேன் என்றுதான் சொன்னான். பெற்ற மகளே வேர்வையில் நனைந்துகொண்டு குளிருகிறது என்று சொல்லும் அளவுக்குத் தரத்தை உயர்த்திவிட்ட ஒருவர் முன்னால், கூலிக்காரன் எம்மாத்திரம்?